பட்ஜெட் டி.வி.: காசை எதில் போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டி.வி. வாங்குவது பற்றிச் சென்னை வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் 15 ஆயிரம் முதல் 40 ஆயிரம் ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

சோபாவிலிருந்து டி.வி. சுவர் 9 அடி. மாமியார் பகல் முழுக்க கேபிளில் சீரியல் பார்ப்பார். இரவில் நாங்கள் ஓ.டி.டி.யில் படம் பார்ப்போம். 43 இன்ச் ஃபுல் ஹெச்.டி. 18 ஆயிரம், 4கே 24 ஆயிரம் என்கிறார்கள். ஆறாயிரம் கூடக் கொடுப்பது தகுமா?
– வாசகி, பெரம்பூர்

வெறும் துல்லியத்துக்காக என்றால் தகாது. காரணம் உங்கள் 9 அடி. 43 இன்ச் திரையில் ஃபுல் ஹெச்.டி. புள்ளிகளை (பிக்சல்) தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க, நல்ல பார்வை உள்ளவர்கூட ஏறக்குறைய ஐந்தரை அடிக்குள் வர வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் 4கேயின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டாது. 55 இன்ச்சுக்கு இந்த எல்லை ஏழு அடி. ஆக, 9 அடியில் உட்காரும் வீட்டில் 43 இன்ச் 4கே, 43 இன்ச் ஃபுல் ஹெச்.டி. இரண்டும் கூர்மையில் ஒன்றுதான்.

அடுத்து, மாமியார் பார்க்கும் சீரியல். சாதாரண எஸ்.டி. சேனலில் வருவது அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது நாலு லட்சத்துக்குச் சற்று மேல். ஃபுல் ஹெச்.டி. திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. 4கேயில் 83 லட்சம். வரும் ஒரு புள்ளியை 4கே டி.வி. இருபதாக இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. விலை குறைந்த டி.வி.களின் சிப்புக்கு அந்தக் கணக்கு சரியாக வராது. முகம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று தெரியும், பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை கலங்கி ஓடும், கீழே வரும் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் இரைச்சல் நிற்கும். 'புது டி.வி. வாங்கியும் பழைய டி.வி.யே தேவலை' என்ற புகார் பல வீடுகளில் இதனால்தான்.

அதனால் அந்த ஆறாயிரத்தில் முதலில் ஹெச்.டி. செட்டாப் பாக்ஸ் வாங்கி, வீட்டில் பார்க்கும் நாலைந்து சேனல்களை ஹெச்.டி.யாக மாற்றுங்கள். எஸ்.டி. பாக்ஸில் ஹெச்.டி. வராது, பாக்ஸையே மாற்ற வேண்டும். மாற்றியபின் சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஏ.வி. வயரிலேயே விட்டுவிடாதீர்கள். அந்த வயரில் ஹெச்.டி. போகாது. ஹெச்.டி.எம்.ஐ. வயர் போட்டு, பாக்ஸின் செட்டிங்ஸில் வெளியீட்டை 1080ஐ என்று வைக்க வேண்டும். ஹெச்.டி. சேனலுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே மஞ்சள் வயரில் பார்க்கும் வீடுகள் ஏராளம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்றாயிரம்தான் என்றால் 4கே எடுங்கள். 43 இன்ச்சில் ஃபுல் ஹெச்.டி. மாடல்கள் பலவற்றில் இப்போது பழைய சிப், 1 ஜி.பி. ராம், 8 ஜி.பி. ஸ்டோரேஜ் என்று கொடுக்கிறார்கள். 4கே மாடலில் 2 ஜி.பி., 16 ஜி.பி. கிடைக்கும். ஆப்கள் திறக்கும் வேகத்தில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அப்போது நீங்கள் பணம் கொடுப்பது உள்ளே இருக்கும் போர்டுக்கு. ஓ.டி.டி.யில் 4கே பார்க்க உங்கள் சந்தாவும் அதற்கு இடம் தர வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் 4கே பிரீமியம் சந்தாவில்தான் வரும், இணைய வேகமும் 15 எம்.பி.பி.எஸ். வேண்டும்.

கடையில் பார்த்தபோது படம் கண்ணைப் பறித்தது. வீட்டில் மாட்டினால் முகமெல்லாம் நீலம் பாய்ந்து, ராத்திரியில் கண் கூசுகிறது. டி.வி.யை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், மடிப்பாக்கம்

மாற்றியிருக்க மாட்டார்கள். கடையில் ஓடுவது ஷாப் மோடு. பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) 100, கலர் உச்சத்தில், வெள்ளை நிறத்தில் நீலம் தூக்கல். கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பத்து டி.வி. வரிசையில் நிற்கும்போது வாடிக்கையாளர் கண் அதிக வெளிச்சமுள்ள டி.வி.யில்தான் விழும் என்பதால் அப்படி வைக்கிறார்கள். ஓடும் காட்சியும் டெமோ வீடியோ: பச்சைக்கிளி, பழக்கூடை, மெதுவாக நகரும் கேமரா. எந்த டி.வி.யிலும் அது அழகாகத்தான் இருக்கும்.

முதலில் செட்டிங்ஸில் 'ஹோம்' மோடுக்கு மாற்றுங்கள். பிறகு பிக்சர் மோடில் 'விவிட்' அல்லது 'டைனமிக்' இருப்பதை 'சினிமா' அல்லது 'மூவி' ஆக்குங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும். கண் நீலத்துக்குப் பழகியிருப்பதால் அப்படி. நாலைந்து நாளில் சரியாகிவிடும். அப்போதும் மஞ்சள் உறுத்தினால் கலர் டெம்பரேச்சரை 'வார்ம்'-லிருந்து 'நார்மல்' வரை மட்டும் நகர்த்துங்கள், 'கூல்' வேண்டாம்.

பேக்லைட்டும் பிரைட்னஸும் ஒன்றல்ல. வெளிச்சம் கூடக் குறையத் தொட வேண்டியது பேக்லைட்டை. பகலில் 70-80, இரவில் 40-50 போதும். பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. அதைக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் தலைமுடியும் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றாகிவிடும், கூட்டினால் கறுப்பு சாம்பலாகும். கம்பெனி வைத்த அளவிலேயே விட்டுவிடுங்கள். சில மாடல்களில் பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள். எதை நகர்த்தினால் திரை முழுக்க ஒரே சீராக வெளிச்சம் மாறுகிறதோ அதுதான் பேக்லைட்.

ஷார்ப்னஸை, எழுத்தின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக்கோடு மறையும் வரை இறக்குங்கள். நியூஸ் சேனலின் எழுத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். பிக்சர் சைஸை 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஒரிஜினல்', 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற பெயரில் இருப்பதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் படத்தின் நான்கு ஓரத்தையும் வெட்டிவிட்டு மீதியைப் பெரிதாக்கிக் காட்டும்.

அப்படியானால் கடையிலேயே படத்தின் தரத்தை எப்படிச் சோதிப்பது? என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், அண்ணா நகர்

ஒரு பென்டிரைவ் போதும். இருட்டுக் காட்சி அதிகமுள்ள ஒரு காணொளி, கிரிக்கெட் அல்லது ஃபுட்பால் ஐந்து நிமிடம், பக்கத்து வீட்டுக்காரரைப்போல் நன்கு தெரிந்த ஒரு முகம் உள்ள குடும்ப வீடியோ, பிறகு வெறும் நிறம் மட்டும் உள்ள படங்கள்: முழுச் சாம்பல், முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம். 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஃபேட்32 முறையில் உள்ள பென்டிரைவில் ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். 'சினிமா மோடுக்கு மாற்றி, இதைப் போட்டுக் காட்டுங்க' என்று கேளுங்கள். தி.நகரிலோ பாடியிலோ பெரிய கடைகளில், கூட்டமில்லாத வாரநாள் முற்பகலில் போனால் நிதானமாகக் காட்டுவார்கள். ஞாயிறு மாலை போனால் நிற்கவே இடமிருக்காது.

முழுச் சாம்பல் படம்தான் நல்ல நீதிபதி. பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை, சீராக இல்லையென்றால் அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுத்திட்டாகவும், மேலிருந்து கீழாக மங்கல் பட்டைகளாகவும் தெரியும். கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தும்போது பச்சை மைதானத்தில் அந்தப் பட்டைகள் நகராமல் நிற்கும். பழகாத கண்ணுக்குக் காரணம் புரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலத்தில் அணைந்துபோன புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்பு தெரிய வேண்டும், வெள்ளை வேட்டியின் கசங்கலும் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் அந்த விலைக்கு நல்ல பேனல்.

இன்னொரு எளிய சோதனை: நியூஸ் சேனலில் கீழே ஓடும் செய்தி வரி. எழுத்துக்குப் பின்னால் வால் இழுக்கிறதா, ஓடும்போதே படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பேனல் எவ்வளவு வேகமாக நிறம் மாறுகிறது என்பதை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சோதிப்பது கடையில் மாட்டியிருக்கும் டி.வி.யை, வீட்டுக்கு வருவது குடோனிலிருந்து வரும் வேறொன்று. ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து பேனல் வாங்கிப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அதனால் மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் வீட்டு ஹாலில் நேர் எதிரே உட்கார இரண்டு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் பக்கவாட்டிலும் தரையிலும்தான் உட்காருவார்கள். வி.ஏ. பேனல் வேண்டாம் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

உங்கள் ஹாலுக்கு நண்பர் சொல்வது சரி. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது சரியல்ல.

வி.ஏ., ஐ.பி.எஸ். இரண்டும் பேனல் வகைகள். வி.ஏ. பேனலில் கறுப்புக்கும் வெள்ளைக்குமான விகிதம் 3000-க்கு 1, அதற்கு மேலும் இருக்கும். ஐ.பி.எஸ். பேனலில் சுமார் 1000-க்கு 1. விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி பார்த்தால் வி.ஏ.வில் இருட்டு இருட்டாக இருக்கும், ஐ.பி.எஸ்.ஸில் சாம்பல் புகை படிந்ததுபோல் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் போனால் நிலைமை தலைகீழ். வி.ஏ.வில் 30 டிகிரி தாண்டினாலே தோல் நிறம் வெளுக்கத் தொடங்கும். ஐ.பி.எஸ். நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இதில் கடை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கடையின் பளீர் வெளிச்சத்தில் ஐ.பி.எஸ்.ஸின் சாம்பல் கறுப்பு தெரியவே தெரியாது. வி.ஏ.வின் பக்கவாட்டுக் குறை மட்டும் நடந்து போகும்போதே தெரிந்துவிடும். அதனால் கடையில் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஐ.பி.எஸ். பக்கம் சாய்வார்கள். நேர் எதிரே மூன்று பேர் சோபாவில் அமர்ந்து இரவில் படம் பார்க்கும் வீட்டுக்கு வி.ஏ.தான் சரி. குறைந்த விலையில் படத்துக்கு ஆழம் தருவது அதுதான்.

அட்டைப்பெட்டியில் எந்தப் பேனல் என்று பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். முகம் பெரிதாக வரும் காட்சியை நிறுத்திவைத்து, நேரிலிருந்து மெதுவாக ஓரமாக நடந்து போங்கள். முகம் வெளுத்து, கறுப்பு சாம்பலானால் அது வி.ஏ. பேனல். நிறம் அப்படியே நின்றால் அது ஐ.பி.எஸ். பேனல். தரையில் உட்காருபவர்களுக்காக இன்னொன்று: வி.ஏ.வைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலும் வெளுக்கும். பாயில் உட்கார்ந்தால் கண் மட்டம் இரண்டரை அடிதான். டி.வி.யை ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டு 'படம் சரியில்லை' என்றால் அது பேனலின் குற்றமில்லை. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கட்டும். முடியாவிட்டால் முன்பக்கம் சாயும் டில்ட் ஸ்டாண்டு போடுங்கள்.

22 ஆயிரம் ரூபாய்க்கு 43 இன்ச் கியூ.எல்.இ.டி., ஹெச்.டி.ஆர்.10, டால்பி விஷன், 120 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் அந்த விலைக்குக் கிடைக்குமா?
– வாசகர், கொளத்தூர்

ஸ்டிக்கரில் பெரும்பாலும் பொய் இருக்காது. ஆனால் அதற்குரிய பலன் அந்த விலையில் வராது.

ஹெச்.டி.ஆர். என்பது இருட்டையும் பளிச்சிடும் ஒளியையும் ஒருசேரக் காட்டும் பட முறை; ஹெச்.டி.ஆர்.10, டால்பி விஷன் இரண்டும் அதன் வகைகள். அந்தப் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். உங்கள் விலையில் உள்ள டி.வி. தருவது 250 முதல் 300 நிட்ஸ். சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் சூரியனையும் தீயையும் அதில் காட்ட வெளிச்சம் போதாது. சில மாடல்களில் ஹெச்.டி.ஆர். ஓடும்போது படம் சாதாரணத்தைவிட இருண்டு போவது இதனால்தான். டால்பி விஷன் இருந்தால், இருக்கிற வெளிச்சத்துக்குள் காட்சியைக் கொஞ்சம் ஒழுங்காகப் பொருத்தும், அவ்வளவு நன்மை உண்டு. இல்லை என்பதற்காக நல்ல டி.வி.யைத் தள்ள வேண்டாம். சாம்சங் எந்த விலையிலும் டால்பி விஷன் தருவதில்லை, ஹெச்.டி.ஆர்.10 பிளஸ்தான் தருகிறது.

கியூ.எல்.இ.டி. என்பது பேக்லைட்டுக்கு முன்னால் வைக்கும், குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் உள்ள படலம். சிவப்பும் பச்சையும் இன்னும் செறிவாக வரும். அது உண்மையான பலன், கண்ணுக்குத் தெரியும். ஆனால் கறுப்பு ஆழமாகாது, வெளிச்சம் அதிகமாகாது. 250 நிட்ஸ் கியூ.எல்.இ.டி.யும் 350 நிட்ஸ் சாதாரண எல்.இ.டி.யும் ஒரே விலையில் கிடைத்தால், பால்கனிக் கதவிலிருந்து வெயில் அடிக்கும் ஹாலுக்கு இரண்டாவதை எடுங்கள்.

120 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது பற்றிக் கவனமாக இருங்கள். இந்த விலையில் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பேனல்தான். சிலவற்றில் டி.எல்.ஜி. என்ற முறையில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்து இயக்கி 120 ஆக்குகிறார்கள். அப்போது மேலிருந்து கீழான துல்லியம் பாதியாகிவிடும். கேம் ஆடுபவர்களுக்குப் பயன்படலாம், சீரியலுக்கும் படத்துக்கும் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். எம்.இ.எம்.சி. என்பது இடையில் போலிக் காட்சிகளைச் செருகி ஓட்டத்தை வழுவழுப்பாக்குவது. கிரிக்கெட்டுக்குக் குறைவாக வையுங்கள், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரைப்படம் சீரியல்போல் தோன்றும்.

கேள்விப்படாத பெயரில் 55 இன்ச் ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு டி.வி. மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஆவடி

மூன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டி.வி.யைப் போட்டதும் கூகுள் டி.வி. அல்லது ஆண்ட்ராய்டு டி.வி. என்ற அதிகாரபூர்வ முகப்பு வருகிறதா? மலிவான பல டி.வி.களில் கூகுளின் சான்று இல்லாத வெறும் ஆண்ட்ராய்டைப் போட்டிருப்பார்கள். பார்க்கக் கைபேசித் திரைபோல் இருக்கும். அவற்றில் ஓ.டி.டி. நிறுவனங்களின் காப்புரிமைப் பூட்டான வைட்வைன் எல்1 இருக்காது. படம் ஓடும், ஆனால் எஸ்.டி. தரத்தில்தான் ஓடும். 55 இன்ச்சில் 480 வரியைப் பார்ப்பது கொடுமை. கடையிலேயே நெட்ஃபிளிக்ஸையோ பிரைமையோ திறந்து, படத்தின் தரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, பின்பக்க லேபிளில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது என்று காட்டும். எண்ணே இல்லையென்றால் விலை கேட்காமலே திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது சர்வீஸ். சென்னைக்குள் சர்வீஸ் சென்டர் எங்கே, வாரண்டியில் பேனல் சேருமா, ஆள் வீட்டுக்கு வருவாரா, டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். டி.வி.யின் விலையில் பெரும்பகுதி பேனல்தான். பேனல் கிடைக்காத பிராண்டில் வாரண்டி அட்டை வெறும் காகிதம். ராம் 1 ஜி.பி. என்றால் எந்தப் பெயராக இருந்தாலும் தவிருங்கள். இரண்டு வருடத்தில் ஆப் அப்டேட்டைத் தாங்காது.

மூன்று வருட டி.வி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் மெக்கானிக்.
– வாசகி, சைதாப்பேட்டை

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டி.வி.யைப் போட்டு, டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நிழல்போல் படம் நகர்வது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, போனது பேக்லைட்.

குறைந்த விலை டி.வி.களில் பேனலுக்குப் பின்னால் நாலைந்து எல்.இ.டி. பட்டைகள்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில பல்புகள், தொடராக இணைத்தவை. ஒன்று பட்டென்று போனால் மொத்த வரிசையும் அணையும். பாதுகாப்புக்காக டி.வி. மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். சத்தம் மட்டும் வரும். திரையில் ஒரு இடத்தில் வட்டமாக வெள்ளைப் பொட்டு தெரிந்தால் பல்பின் மேலுள்ள பிளாஸ்டிக் லென்ஸ் கழன்றிருக்கிறது. படம் முழுக்க ஊதாவாக மாறினால் பல்புகளின் பாஸ்பர் பூச்சு வெந்துபோயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் சூடு. பேக்லைட்டை 100-இல் வைத்து தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் இதுதான் கதி.

மாடலுக்கேற்ற பட்டை செட் ரிச்சி தெருவில் கிடைக்கும். பழைய பட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். போன ஒரு பட்டையை மட்டும் மாற்றாமல் செட்டாகவே மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் ஏறி இறங்கித் தெரியும், மற்றவை அடுத்தடுத்துப் போகும். வேலையைச் செய்ய இரண்டு பேர் வேண்டும். பட்டையை எடுக்கப் பேனல் கண்ணாடியைத் தனியாகத் தூக்க வேண்டும், ஒரு மூலையில் தூக்கினால் விரிசல் விழும். 'பேனல் உடைந்தால் யார் பொறுப்பு' என்று பேசிவிட்டுக் கொடுங்கள். சரிசெய்தபின் பேக்லைட்டை 60-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

பென்டிரைவில் படம் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. டி.வி. பழுதா?
– வாசகர், தாம்பரம்

பழுதில்லை. அந்தக் கோப்பின் ஒலி டி.டி.எஸ். முறையில் இருக்கும், உங்கள் டி.வி.யில் அதற்கான உரிமம் இருக்காது. ஏ.ஏ.சி. அல்லது டால்பி ஒலியுள்ள கோப்பாக மாற்றிக்கொண்டால் கேட்கும்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. டி.வி. சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார்கள். ஸ்டெபிலைசரும் வேண்டுமா?
– வாசகி, திருவான்மியூர்

உப்புக்காற்று ஹெச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி. முனைகளையும், உள்ளே பேனல் ரிப்பன் சேரும் இடத்தையும் அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். தினமும் ஓடும் டி.வி.யின் சூடு ஈரத்தை விரட்டும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிவைத்த டி.வி.தான் அதிகம் கெடுகிறது.

துடைக்கும்போது திரையில் எதையும் தெளிக்காதீர்கள், முக்கியமாகக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே. துளி வழிந்து கீழ் ஓரத்துக்குள் இறங்கும். அங்கேதான் பேனலோடு சேர்ந்த மெல்லிய ரிப்பன்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றில் ஈரம் பட்டால் மறுநாள் மேலிருந்து கீழாகக் கோடு. அதற்கு வாரண்டியும் கிடையாது. டி.வி.யை அணைத்து ஆறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும்.

ஸ்டெபிலைசர் பற்றி: பின் லேபிளில் 100–240 வோல்ட் என்று இருந்தால் தேவையில்லை. எர்த் சரியாக உள்ள பிளக்கும் ஒரு நல்ல ஸ்பைக் கார்டும் போதும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரையும், இணைய லேன் வயரையும் கழற்றுங்கள். இடி பெரும்பாலும் அந்த வழியாக வந்து ஹெச்.டி.எம்.ஐ. போர்டைக் கொல்கிறது.

43-க்குப் பதில் 55 இன்ச் வாங்கினால் கரண்ட் பில் எகிறுமா?
– வாசகர், போரூர்

43 இன்ச் 75 வாட், 55 இன்ச் 120 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள்: முதலாவதற்கு 22.5 யூனிட், இரண்டாவதற்கு 36. வித்தியாசம் 13.5 யூனிட். உங்கள் பில் 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடினால் மட்டும் யோசியுங்கள், அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறும். பேக்லைட்டைக் குறைத்தால் மின்சாரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும்.

ஆடித் தள்ளுபடியில் வாங்குவதா, தீபாவளிக்குக் காத்திருப்பதா? டெலிவரியின்போது என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வில்லிவாக்கம்

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. வரிக்கு முன் 20 ஆயிரம் உள்ள டி.வி. 25,600-லிருந்து 23,600 ஆனது. 32 இன்ச்சுக்கு முன்பே 18தான். ஆகவே 'வரி குறைந்ததால் 32 இன்ச் விலை குறைத்திருக்கிறோம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆடியில் பழைய மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, விலை குறையும், வாங்கலாம். ஆனால் பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் குடோனில் கிடந்ததை எடுக்காதீர்கள். அட்டையின் எம்.ஆர்.பி.யைப் பார்த்துத் தள்ளுபடி சதவீதத்தைக் கணக்கிடாதீர்கள். அதே மாடலின் விலையை இரண்டு கடைகளிலும் ஆன்லைனிலும் கேட்டு ஒப்பிடுங்கள். வங்கி கார்டு சலுகை, எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கழித்துக் கையிலிருந்து போகும் தொகைதான் விலை.

டெலிவரியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டி நின்றபடி வர வேண்டும், படுக்கவைத்து வந்தால் அப்போதே வாங்க மறுக்கலாம். ஓ.டி.பி. சொல்லும் முன் பெட்டியைத் திறந்து திரையைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விரிசல் தெரியும். 'இன்ஸ்டலேஷன் ஆள் வந்துதான் திறக்கணும்' என்று டெலிவரி ஆள் சொன்னால், திறப்பதை முழுக்க வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சீல் உடைப்பதிலிருந்து டி.வி.யில் படம் வருவது வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. யார் கையில் உடைந்தது என்பதற்கு அந்த வீடியோதான் சாட்சி. பெட்டி, டி.வி.யின் பின்பக்கம், பில், மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டிய அன்றே கடைக்குக் கொண்டுபோன அதே பென்டிரைவைப் போட்டுச் சாம்பல் படத்தைப் பாருங்கள். பட்டையோ அணைந்த புள்ளியோ தெரிந்தால் படம் எடுத்து அன்றே கம்பெனியில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். கடையும் கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். பெட்டியையும் தெர்மோகோலையும் ஒரு மாதம் எறியாதீர்கள், மாற்றித் தரும்போது அதைக் கேட்பார்கள்.